ஞாயிற்றுக்கிழமை ஏர்மேன்

"லாரி முன்னாடி மலைச்சாமி நிக்க வேணாம். நான் நிக்கிறேன்."

இருதயநாதன் இப்படிச் சொன்னதும் பள்ளி மைதானத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

விமானப்படை தின விழா. ஒட்டுப்பலகையால் போர் விமானம்போல் ஜோடித்த லாரி ஒன்று திண்டுக்கல் கடைவீதியைச் சுற்றிவிட்டு மைதானத்துக்குள் வரும். நிஜ விமானத்துக்குச் செய்வதுபோலவே, ஒருவர் அதன் எதிரே நின்று, கை சைகை காட்டிப் பின்னோக்கி நடந்து, வெள்ளைக் கோட்டில் நிறுத்த வேண்டும். முன்னாள் படைவீரர்களில் இருதயநாதன் ஒரு வருடம், மலைச்சாமி ஒரு வருடம். இந்த முறை மலைச்சாமி.

"என் முறைதானப்பா?" என்றார் மலைச்சாமி. இஸ்திரி போட்ட நீலத் தொப்பியோடு வந்திருந்தார்.

"நான் இருபது வருசம் ரெகுலர். நீ ஞாயித்துக்கிழமை ஏர்மேன். ரெகுலர் இருக்கயில ரிசர்வ் எதுக்கு?"

பழைய கேலிதான். மலைச்சாமி சென்னையில் தபால் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே, விடுமுறை நாட்களில் துணை விமானப்படையில் பயிற்சி எடுத்தவர். எழுபத்தொன்றாம் வருடப் போருக்கு அழைத்தபோது போனார். அங்கே இருவரும் ஒரே விமானத்தைப் பராமரித்தார்கள்.

வழக்கமாக மலைச்சாமி விடமாட்டார். "நீ சம்பளத்துக்கு வந்தவன், நான் லீவை விட்டுட்டு வந்தவன்" என்பார். எம்புட்டுச் சண்டை போட்டாலும் கடைசியில் ஒருவர் கட்டைவிரலை உயர்த்துவார். மற்றவரும் உயர்த்தியாக வேண்டும். பதில் விரல் வராமல் விமானம் நகரக் கூடாது என்பது ஓடுதளத்தில் பழகிய பழக்கம். மலைச்சாமியின் மகள் தீபாவின் கல்யாண மேடையில்கூட, தாலி கட்டி முடிந்ததும் கூட்டத்துக்கு மேலே இரண்டு கட்டைவிரல்கள் எழுந்தன.

இன்று மலைச்சாமி சண்டைக்கு நிற்கவில்லை. "ரெகுலரே பாக்கட்டும்" என்று முனகிவிட்டு, நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். தொப்பி மடிக்கு வந்துவிட்டது.

முன்னாள் படைவீரர் சங்கச் செயலாளர் பிரான்சிஸ் சமாதானம் பேசிப் பார்த்தார். இருதயநாதன் அசையவில்லை. வயசானாலும் திமிர் குறையல என்று பின்வரிசையில் யாரோ சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

லாரி வந்தது. இருதயநாதன் முதுகை நிமிர்த்தி, கைகளை வீசி, பின்னோக்கி நடந்து, முன்சக்கரத்தைச் சரியாகக் கோட்டில் நிறுத்தினார். நாலைந்து பேர்தான் கைதட்டினார்கள்.

தீபா நேராக அவரிடம் போனாள்.

"அம்புட்டுப் பேர் முன்னாடி எங்கப்பாவை இப்படிப் பேசிட்டீங்களே, பெரியப்பா. ஒரு வாரமா அந்தத் தொப்பியை எடுத்து எடுத்து வச்சுக்கிட்டு இருந்தாரு."

இருதயநாதன் திரும்பினார். சற்றுத் தள்ளி, இவர்கள் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மலைச்சாமியை நோக்கிக் கட்டைவிரலை உயர்த்தினார்.

மலைச்சாமியின் கை தொப்பியை விட்டு எழவில்லை.

"கோவமா இருக்காரு" என்றாள் தீபா.

"கோவத்துலயும் காட்டுவான். போன மாசம் சங்கக் கூட்டத்துலயும் இப்படித்தான், நான் விரலைத் தூக்கியும் என்னைப் பாத்துக்கிட்டே சும்மா இருந்தான். கண்ணு மங்கிருச்சான்னு கேட்டா, உனக்குத்தான் மங்கிருச்சுங்கிறான். அவனைப் போயி லாரி முன்னாடி எப்படி விடுறது?"

தீபா அப்பாவைப் பார்த்தாள். லாரி நின்று வெகுநேரமாகியும், அவர் அது இன்னும் வரவேண்டியதுபோல் வாசல் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"மதுரை கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி காட்டு, பாப்பா. அடுத்த வருசம் அவன்தான் நிறுத்தணும்" என்றார் இருதயநாதன். "அதுவரைக்கும் அவனுக்குக் கண்ணு தெரியலன்னு ஊரு பேச வேணாம். எனக்குத் திமிருன்னே பேசிக்கிட்டு இருக்கட்டும்."