ஏழாம் நம்பர் இன்டரப்ட்

“அம்மா... அம்மா... அம்மா...”

உள்ளறையிலிருந்து மகன் குரல் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. “வாறேன் மக்கா, இந்த மீனெ கழுவீட்டு வாறேன்” என்று அடுக்களையிலிருந்து குரல் மட்டும் கொடுத்தாள் ஜேனட்.

வாசலில் நின்ற மோகனனுக்கு எரிச்சலாக வந்தது. பிள்ளை தொண்டை கிழியக் கத்துகிறது, இவளுக்கு மீன் பெரிதாகப் போய்விட்டது!

“மாமி, நெய்யாற்றின்கரை கம்ப்யூட்டர் சென்டரிலேருந்து வாறேன். ஒங்க மகன் துபாயிலேருந்து போன் பண்ணினாரு.”

“மெல்பினா? எப்பம்?” ஜேனட் ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

“நேத்தைக்கு. பிளாப்பியில பேசி அனுப்பினாராம், அம்மைக்க பதிலு ஒண்ணும் காணல்லியேன்னு சங்கடம். சவுண்டு கெட்டுப்போச்சோ என்னவோ, போய்ச் சரியாக்கிக் குடுக்கச் சொன்னாரு.”

ஒரே மகனும் துபாயில் என்றால் உள்ளே கூப்பிடுவது யார்? மோகனன் எட்டிப் பார்த்தான். அறையில் ஆளே இல்லை. மேசைமேல் கம்ப்யூட்டர்தான் “அம்மா... அம்மா...” என்று அரற்றிக்கொண்டிருந்தது.

வளைகுடாவுக்குப் போன மற்ற பிள்ளைகள் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். மெல்பின் லினக்ஸ் படித்தவன். கேசட்டெல்லாம் அவனுக்குக் கௌரவக் குறைச்சல்.

சட்டென்று குரல் நின்றது. ஜேனட் விரைந்து போய் கீபோர்டில் இரண்டு விசைகளைத் தட்டினாள். மறுபடி தொடங்கியது.

மோகனன் திரையில் கொஞ்ச நேரம் துழாவிவிட்டு நிமிர்ந்தான். “சவுண்டு கார்டும் பிரிண்டர் போர்ட்டும் ஒரே ஏழாம் நம்பர் இன்டரப்டுல, அதாவது ஒரே மணிக் கம்பியில கெடக்கு மாமி. ஒரு துண்டு பாடி முடிச்சா கார்டு மணியடிச்சு அடுத்த துண்டு கேக்கணும். அந்த மணி லினக்ஸுக்கு எட்டல்ல. அதாக்கும் மொதத் துண்டையே திருப்பித் திருப்பிப் பாடுது.”

“அது கெடக்கட்டு. நீ சாயா குடி மொதல்ல.”

“அஞ்சாம் நம்பருக்கு மாத்தினா தீந்துது. மகன் ஊருக்கு வாற தேதி சொல்லியிருக்காரோ என்னவோ!”

ஜேனட் சாயாவை எடுத்து வந்து நீட்டினாள். கணவன் இறந்து, மெல்பினும் விமானம் ஏறிய பிறகு, அந்த வீட்டுக்குள் அவளைக் கூப்பிட ஒரு ஆள் கிடையாது. அது அவளுக்குப் பழகவே இல்லை.

மோகனன் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, கார்டின் ஜம்பர் சொருகியை ஐந்துக்கு மாற்றினான். டிரைவரிலும் ஐந்து என்று எழுதி, விசையைத் தட்டினான்.

“அம்மா, நான் நல்லா இருக்கேன். இந்தக் கிறிஸ்மஸுக்கும் வர ஒக்காது. கம்பெனியில ரெண்டு வருசம் கூட்டி ஒப்பு போட்டாச்சு. சங்கடப்படண்டாம். செரி, வைக்கேன்.”

அவ்வளவுதான். மோகனனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “நான் போன்ல சொல்லிப் பாக்கேன் மாமி, ஒருக்க வந்திட்டுப் போகட்டு...”

“எல்லாம் தெரியும் மக்கா. லீவுக்கு வந்த அவனுக்க கூட்டுக்காரன் ரிஜோ முன்னாலயே சொல்லீட்டான்.”

ஜேனட் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்த இரண்டு விசைகளையும் தானே தட்டினாள். இப்போது ‘அம்மா’ ஒரே ஒரு தடவை வந்தது. உடனே கம்பெனிக் கதை வந்துவிட்டது. இன்னொரு முறை தட்டினாள், அப்படியேதான்.

அவள் மோகனனை நிமிர்ந்து பார்த்தாள்.

“பழைய ஏழுக்கே மாத்தீட்டுப் போ மக்கா.”