எண்ணெய் வாளியில் ஒரு தோட்டா

சுடும் பயிற்சிக்கு வரும் மெர்லினிடம் ஒரு சின்னக் கைத்துப்பாக்கி இருந்தது. விளிம்பில் தட்டினால் வெடிக்கிற மலிவுத் தோட்டாதான் அதற்குத் தீனி. அன்று அவள் விசையை இழுத்தாள். 'டிக்' என்றது, வெடிக்கவில்லை.

"யார் மேல தப்பு?" என்றாள்.

"நான் நல்லாத்தான் தட்டினேன். மலிவுச் சரக்கு, அப்படித்தான் இருக்கும்," என்றது துப்பாக்கி.

"அண்ணே, லேசாத்தான் பட்டுச்சு. என்னைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை தட்டச் சொல்லி அவங்ககிட்ட சொல்லுங்க," என்று கெஞ்சியது தோட்டா.

துப்பாக்கி அதை அவளிடம் சொல்லவில்லை. எப்போதும் இரண்டாம் தடவை தட்டிப் பார்க்கிற மெர்லின், அன்று துப்பாக்கியை நம்பி, தோட்டாவை, வெடிக்காதவற்றைப் போடுகிற எண்ணெய் வாளியில் போட்டாள். அதில் ஊறிய தோட்டா பிறகு எதற்கும் ஆகாது.

சாயங்காலம் துப்பாக்கியைக் கழற்றித் துடைத்தாள். தட்டுகிற ஊசியைச் சுற்றி ஆறு மாதக் கரி அப்பியிருந்தது.

"இவ்வளவு அழுக்கை வச்சுக்கிட்டு எப்படி அழுத்தமா தட்டும்?" என்றாள். துப்பாக்கிக்கு உள்ளெல்லாம் கூசியது.

மறுநாள் அதே பெட்டியிலிருந்து இன்னொரு தோட்டா உள்ளே வந்தது.

"அண்ணே, நேத்து எங்க ஆளு ஒருத்தன் சொத்தையாமே? பெட்டியே தலைகுனிஞ்சு கிடக்கு."

"அவன் சொத்தை இல்லடா" என்று சொல்லத் துப்பாக்கி வாயெடுத்தது. அதற்குள் மெர்லின் விசையை இழுத்துவிட்டாள்; தோட்டா அதைக் கேட்காமலே வெடித்துப் போனது.