ஜாடைச் சண்டை

அவள் பதில் திட்டவில்லை.

இது மூன்றாம் நாள்.

"வெக்கங்கெட்ட வாளி! எனக்கு முந்தி வந்து நிக்குது பாரு!" என்று மறுபடியும் கத்தினேன். வாளி அவளுடையது. கத்தியது அவள் காதுக்கு.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அவள் செண்பகவல்லி. என் கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீட்டைச் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு குடியிருக்கிறோம். குழாய் மட்டும் பொது. என் மகள் காதுகுத்து விருந்தில் அவள் இலைக்கு அப்பளம் வரவில்லையாம். அதிலிருந்து ஏழு வருஷமாக முகம் பார்த்துப் பேச்சில்லை. எல்லாம் ஜாடைதான். நான் வாளியைத் திட்டுவேன். அவள் காக்காயைத் திட்டுவாள். யார் யாரைத் திட்டுகிறோம் என்று தெருவுக்கே தெரியும்.

முதல் நாள், ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"இப்பத்தான் வீடு வீடா இருக்கு மதினி" என்று கொழுந்தன் சிரித்தான். அவனுக்கு என்ன தெரியும்.

எனக்குத் தெரியும். அவள் எப்போது அடுப்பைப் பற்றவைப்பாள், எப்போது தலை சீவுவாள், எல்லாம் அத்துப்படி. குற்றம் கண்டுபிடிக்க வேண்டுமே.

பத்து நாளாகத் தலை சீவவில்லை.

உயிராக வளர்த்த ஆட்டை அம்மா வீட்டுக்கு ஓட்டிவிட்டாள்.

நேற்று தன் ஜிமிக்கியைக் கழற்றி என் மகள் பொன்மதி கையில் கொடுத்திருக்கிறாள். "உங்கம்மா மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லு" என்றாளாம்.

கோபம் இல்லையாமே! என்னை மன்னிக்க இவள் யார்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று அந்த வாளி முன்னால் நின்றபோதுதான் எல்லாம் சேர்ந்து உறைத்தது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு இவள் எங்கே போகப் போகிறாள்?

வாளியை எட்டி உதைத்துவிட்டு அவள் வீட்டுக்குள் நுழைந்தேன். ஏழு வருஷம் மிதிக்காத வாசல்.

பாயில் சுருண்டு கிடந்தாள்.

இதை ஜாடையில் கேட்க முடியாது. நேராகவே கேட்டேன்.

"ஏட்டி, செத்துரலாம்னு நெனைக்கியா?"

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"எப்படிக்கா தெரிஞ்சது?"

"ஏழு வருஷமா உன்னையப் பாக்கதுதானட்டி எனக்குச் சோலி."

அப்போதுதான் அழுதாள். ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. சரியாகத் தூங்கி ஒரு மாதம் ஆகிறதாம். எல்லாருக்கும் பாரமாக இருக்கிறாளாம்.

"நீ பாரமா இல்லையான்னு நான் சொல்லுதேன். மூடு வாய" என்று அதட்டினேன். பிடித்த கையை விடவில்லை.

விஷயத்தைச் சொல்லி, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூப்பிடு என்றதும் கொழுந்தன் இழுத்தான். "மனநல டாக்டர்னா ஊர்ல என்ன பேசுவாங்க மதினி?"

"பொண்டாட்டி மொகத்தப் பாக்கத் தெரியல, ஊர் வாயப் பாக்கியோ? ஆட்டோவக் கூட்டியால!"

டாக்டர் அம்மா நிதானமாகக் கேட்டார். மாத்திரை எழுதினார். வாராவாரம் வரச் சொன்னார். தனியாக விடாதீர்கள் என்றார். நான் விட்டால்தானே! பாயைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே போய்விட்டேன்.

அதிலிருந்து இன்று ஐந்தாவது செவ்வாய். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே வந்தேன்.

"ச்சூ! இந்தக் காக்காய்க்குக் கொழுப்பப் பாரு. குழாயி அவ அப்பன் வீட்டுச் சீதனம்னு நெனப்பு!"

அவள் குரல்.

கரண்டியைக் கீழே வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பாவி மகளுக்கு எவ்வளவு திமிர்!

வெளியே வந்தேன். என் குடம் தள்ளி நின்றது. அதன் இடத்தில் அவள் வாளி.

"வெக்கங்கெட்ட வாளி!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.