கட்டாய அப்டேட்

"அப்டேட் பண்ணாம இந்த கேம் தொறக்கவே தொறக்காதுக்கா. கட்டாயம்னு போட்டிருக்கான் பாருங்க" என்று போனைத் திருப்பிக் காட்டினான் ஃபாஜில்.

செவ்வந்தி காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் ஊரில் நெட் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அன்றைக்கு உள்ள டேட்டாவும் மத்தியானத்துக்குள் தீர்ந்துபோய்விட்டது. நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தவள், காலில் ஒட்டிய சேற்றைக்கூடச் சரியாகக் கழுவாமல் பஸ் ஏறி, நன்னிலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த இந்த செல்போன் கடைக்கு வந்திருந்தாள்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான தம்பி இருந்துச்சு?"

"ராத்திரி புது வெர்ஷன் விட்டிருக்கான். பொம்மைக்குப் புதுச் சட்டை, காருக்குப் புதுக் கலரு. அதுக்கு மூணு ஜிபி! வெளையாடுற பசங்களே கண்டபடி திட்டுறானுங்க."

"ஆறு மணிக்குள்ள தொறந்துடுமா?"

"ஆறு மணிக்கு என்னக்கா?"

"அறிவு வந்துடுவான்."

"உங்க பையனா?"

"ஆமா. அறிவுமதி. ஒரே புள்ள."

ஃபாஜில் தலையை ஆட்டிக்கொண்டான். "கேம் இல்லன்னா வீட்டை ரெண்டாக்கிடுவான், அதானே? எங்க அக்கா மவனும் இப்படித்தான். சோறு தண்ணி இல்லாம அதுலயே கெடப்பான். எல்லாம் நீங்க குடுக்குற எடம்."

செவ்வந்தி கடைக் கடிகாரத்தைப் பார்த்தாள். "கொஞ்சம் சீக்கிரம் போடு தம்பி" என்றாள்.

கடை வைஃபையில் பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. பாதிகூடப் போகவில்லை, நின்றுவிட்டது.

"போன்ல எடம் இல்லக்கா. எதையாவது அழிச்சாத்தான் மிச்சம் எறங்கும்."

"என் போன்ல வேணாம், உன் போன்ல தொறந்து குடேன்."

"அதுக்கு பாஸ்வேர்டு வேணுமே?"

"அது அவனுக்குத்தான் தெரியும். அவன்தான் எல்லாம் போட்டுக் குடுத்தான்."

ஃபாஜில் அவள் போனைத் துழாவினான். வேறு எதுவும் பெரிதாக இல்லை. போட்டோவும் வீடியோவும்தான் அடைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். பள்ளிக்கூட மேடையில் கோப்பை வாங்கும் பையன். வேளாங்கண்ணிக் கடற்கரையில் அலைக்குப் பயந்து ஓடும் பையன். டிராக்டர் மேல் உட்கார்ந்து சிரிக்கும் பையன். எல்லாம் ஒரே முகம்.

"இதெல்லாம் உங்க பையன் படம்க்கா. கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சுட்டு அழிக்கலாம். ஆனா நேரமாவும்."

"நேரம் இல்ல தம்பி. அழிச்சுடு."

"ஒரு தடவை போனா திரும்ப வராதுக்கா."

"அழிச்சுடுன்னு சொல்றன்ல!"

கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டாள். ஃபாஜிலுக்கு முகம் சுருங்கிப்போனது. ஒரு விளையாட்டுக்காக, பெற்ற பிள்ளையின் படத்தை அழிக்கச் சொல்கிற தாயை அவன் இதற்குமுன் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாக அழித்தான். செவ்வந்தி மட்டும் கடைசிப் படம் மறைகிறவரை கண்ணை எடுக்கவில்லை.

கோடு மறுபடி நகர்ந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. இடி ஒன்று விழ, கரண்ட் போய் வைஃபையும் அணைந்தது.

"ஐயோ!" என்று மேசையைப் பிடித்துக்கொண்டாள் செவ்வந்தி.

"பதறாதீங்கக்கா. என் போன்லேருந்து நெட் தர்றேன்."

அந்த நேரத்தில் அவள் போன் அடித்தது. புருஷன் நல்லக்கண்ணு.

"தொறந்துச்சா?" குரல் வெளியே கேட்டது.

"இன்னும் இல்லங்க. எறங்கிக்கிட்டுத்தான் இருக்கு."

"மணி ஆறு ஆவப்போவுதுடி!"

"தெரியுதுங்க, வெச்சுடுங்க. பேசினா நின்னுடப் போவுது."

'அப்பன்காரனும் இதுக்கு உடந்தையா?' என்று நினைத்துக்கொண்டான் ஃபாஜில். ஆனாலும் சிக்னல் கிடைக்கட்டும் என்று தன் போனை வாசல் பக்கம், தூறல் படாத இடமாகப் பார்த்து வைத்தான். டீ வாங்கி வந்து நீட்டினான். அவள் தொடவில்லை. உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

மணி ஆறைத் தாண்டியது. கோடு கடைசி வரை வந்து, 'சரிபார்க்கிறது' என்று சுற்ற ஆரம்பித்து, சுற்றிக்கொண்டே இருந்தது. பஸ் ஸ்டாண்டில் விளக்குகள் திரும்ப எரிந்தபோது மணி ஏழை நெருங்கியிருந்தது.

"தொறந்துடுச்சுக்கா!"

போனைப் பிடுங்கினாள். வாணவேடிக்கை விட்டு வரவேற்ற திரையைத் தள்ளிவிட்டு, நண்பர்கள் என்ற இடத்தை அழுத்தினாள். அறிவுமதியின் பெயர், ஆள் இப்போது இல்லை என்று காட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அதன் கீழே ஒரு செய்தி வந்திருந்தது.

"அம்மா, ஆறு மணிலேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன், நீ வரல. இனிமே இங்க அடி தாங்க முடியாது. நானும் இன்னும் ரெண்டு பேரும் இப்பவே சுவரு ஏறிக் குதிக்கப்போறோம். பிடிச்சா உயிரோட விடமாட்டானுங்க. போனை இங்கேயே போட்டுட்டுப் போறேன்."

கம்ப்யூட்டர் வேலை என்று கடல் கடந்து கூட்டிப்போய் அவனை அடைத்து வைத்தவர்கள், அவன் வீட்டோடு பேசுவதற்குச் சோதிக்காமல் விட்டிருந்த ஒரே வழி அந்த விளையாட்டுதான். காலையில், அவர்கள் புகார் கொடுத்திருந்த அதிகாரி போனில் சொன்னதை, "நாளைக்கு விடிஞ்சதும் அங்க போலீஸ் வருதாம் சாமி, அதுவரைக்கும் எடத்தை விட்டு அசையாதே" என்பதை, செவ்வந்தி ஒற்றை விரலால் அந்தச் சாம்பல் நிறப் பெயருக்கு அடித்துக்கொண்டே இருந்தாள்.