நசுங்கின பக்கம்

மூன்றடுக்கு ஸ்டாண்டின் உச்சியில் க்ரீம் ரோஜா வைத்த கப்கேக் உட்கார்ந்திருந்தது. கீழ்த்தட்டில் இருந்த இன்னொன்றுக்கு க்ரீம் ஒரு பக்கம் நசுங்கிவிட்டது. மேசையை அலங்கரித்த அக்கா அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

"உன்னை யாரு சாப்பிடப்போறா? நீ குப்பைக்குத்தான்" என்றது ரோஜா.

"தெரியும். எத்தனை தடவை சொல்லுவே?" என்றது நசுங்கினது. உள்ளுக்குள் அதற்குப் பயம்தான்.

பிறந்தநாள்காரி மெகருக்கு நாலு வயசு. வந்தவர்கள் குடும்பம் குடும்பமாகப் போட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும் எதையும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் மேசைக்கு அடியில் புகுந்து சுவர்ப் பக்கமாக எழுந்தாள். நேர் எதிரே நசுங்கின பக்கம்.

"இதை யாரோ ஏற்கெனவே நக்கிட்டாங்க. அப்போ நானும் சாப்பிடலாம்" என்று எடுத்தாள்.

"வரட்டா?" என்று ரோஜாவிடம் கேட்டுவிட்டு, நசுங்கினது இரண்டே வாயில் சந்தோஷமாகப் போய்ச் சேர்ந்தது.

நாலாவது குடும்பம் போட்டோவுக்கு வந்து நின்றது. ரோஜாவுக்குப் பொறுக்கவில்லை. உடம்பை ஒரு உலுக்கு உலுக்கித் தன் பூவைத் தானே சாய்த்துக்கொண்டது.

"பாப்பா, மேலேயும் ஒண்ணு நசுங்கிப்போச்சு, பாரு" என்றது.