ஓடைக்கு இந்தப் பக்கம்

"என் ஓட்டு அந்த இன்னொரு ஆளுக்குத்தான். காபி வேணும்னா குடிச்சிட்டுக் கிளம்பு."

கதவைத் திறந்ததும் லாயிட் ஹேகன் சொன்ன முதல் வார்த்தை இது. வாசலில் நின்ற கோரா விட்லாக், காலணிச் சேற்றைப் படியில் தேய்த்தபடியே சிரித்தாள். கவுன்டியின், அதாவது அந்த மாவட்டத்தின், காவல் தலைவரான ஷெரிஃப் பதவிக்கு அடுத்த மாதம் தேர்தல்; அதற்கு அவள் நிற்கிறாள். இப்போது அவள் தெற்கே, டவுனில் உதவி ஷெரிஃப்.

"காபி போதும், மிஸ்டர் ஹேகன். உங்க நாய் கடிக்குமா?"

"ஓட்டு கேட்டு வர்றவங்களை மட்டும்."

"உள்ளே கூப்பிட்டுத் திட்டுங்களேன், குளிர் அடிக்குது!" என்றாள் அவர் மனைவி வெர்னா. கைத்தடியை ஊன்றிக்கொண்டே வந்து, ஆப்பிள் கேக்கை மேசைமேல் வைத்தாள்.

லாயிட் அந்தக் கைத்தடியைக் காட்டினார்.

"இது எப்படி வந்துச்சு தெரியுமா? போன பனிக்காலம் தொழுவத்துல வழுக்கி விழுந்தா. போன் பண்ணேன். உங்க ஆளு ஜோரா வந்தான், பின்னாடியே ஆம்புலன்ஸ். எங்கே வந்தாங்க? ஓடைக்கு அந்தப் பக்கம்! பாலத்தை வெள்ளம் அடிச்சிட்டுப் போய் மூணு வருஷமாச்சு. உங்க ஆபீஸ் மேப்புல மட்டும் அது ஜம்முனு நிக்குது. அவன் அங்கே விளக்கைச் சுழல விட்டுட்டு நிக்கிறான். நான் இங்கே இவ தலையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். கையாட்டறான்மா! நானும் ஆட்டினேன்."

கோரா சிரிக்கவில்லை.

"சுத்தி வர ரொம்ப நேரமாச்சா?"

"இவ செத்துப் பிழைக்கிற நேரம்."

"வடக்குப் பக்கத்துக்குன்னு ஒரு வண்டி, ஒரு ஆள், எப்பவும் இங்கேயே இருக்கணும் சார். இந்தப் பக்கத் தீயணைப்பு நிலையத்துல அவருக்கு ஒரு ரூம் கேட்டிருக்கேன். அதுதான் என் முதல் வேலை."

"எல்லாரும் சொல்றதுதான். பக்கத்துப் பண்ணை ஏர்ல், புத்தி தடுமாறி ரோட்டுல நின்னு கத்தினா, விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போறீங்க. அவன் என்ன திருடனா?"

"இனிமே முதல்ல பேச்சு. அப்புறம் டாக்டர். விலங்கு கடைசி. எங்க ஆளுங்க எல்லாருக்கும் அதுக்குப் பயிற்சி கொடுக்கப் போறேன்."

"பொண்ணு நல்லாத்தான் பேசுது" என்றாள் வெர்னா.

"பேசட்டும். அந்த இன்னொரு ஆளும் வருவான்ல? அவனையும் இதே நாற்காலியில உக்கார வச்சு வறுத்தெடுக்கிறேன். அப்புறம்தான் முடிவு."

கோரா மறுக்கவில்லை. கேக்கைத் தின்றபடியே கேட்டாள்:

"பனி மூடிக்கிட்டா இங்கே எப்படி வர்றது?"

"மேற்கே, கிறிஸ்டென்சன்னு ஒருத்தனோட மேய்ச்சல் நிலம் வழியா."

"அங்கே கேட் இருக்குமே, அதுக்குப் பூட்டு உண்டா?"

"சங்கிலிதான். உள்ளே வந்ததும் மறக்காம மாட்டணும். இல்லேன்னா அவன் மாடு பூரா ரோட்டுக்கு வந்துடும்."

"நீங்க ரெண்டு பேரும் எந்த ரூம்ல படுப்பீங்க?"

"ஏம்மா, நீ ஓட்டு கேக்க வந்தியா, வீடு வாங்க வந்தியா?"

வெர்னாவுக்குச் சிரிப்பில் புரையேறியது.

கிளம்பும்போது, வந்த சாலையில் திரும்பாமல் மேற்கு வழியாகவே போகிறேன் என்றாள் கோரா. வழி காட்ட லாயிட்டும் அவள் வண்டியில் ஏறிக்கொண்டார். கேட்டருகே அவர் இறங்குவதற்குள் அவளே குதித்து இறங்கி, சங்கிலியைக் கழற்றிப் பார்த்தாள், மாட்டிப் பார்த்தாள், திரும்பவும் கழற்றினாள். லாயிட் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, உன் பேர் போட்ட தேர்தல் பலகை ஒண்ணு கொடுத்துட்டுப் போ. வேலியோரம் நட்டு வைக்கிறேன்" என்றார், தோற்றுப்போனவர் குரலில். "அந்த இன்னொரு ஆள் வந்தா வரட்டும், நான் பாத்துக்கறேன். ஆமா, அவன் பேரு என்ன?"

"பலகையே அடிக்கலை சார். இன்னொரு ஆளுன்னு யாரும் கிடையாது. நான் ஒருத்திதான் நிக்கிறேன்."

லாயிட் திகைத்தார்.

"அப்ப எதுக்கும்மா இந்தச் சேத்துல வீடு வீடா அலையுற?"

"நீங்க போன் பண்ணா, எந்தப் பக்கமா வரணும்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"