மேஸ்திரியின் கட்டைவிரல்

"இந்தக் கட்டைவிரலுக்குத் தெரியாத தோலு பூமியில இன்னும் பொறக்கல" என்றார் அருணகிரி மேஸ்திரி.

ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி ரயில்வே குடியிருப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது இதைச் சொன்னார். பெருமைக்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோலச் சொன்னார்.

"எறும்புத் தோலு?" என்று கேட்டார் கூட வந்த நயீம் அகமது.

மேஸ்திரி நாலடி தூரம் யோசித்தார். "அது வேபாரத்துக்கு வராது."

ஆம்பூர் டேனரி ஒன்றில் தோல்களைத் தரம் பிரிப்பவர் மேஸ்திரி. மூட்டையை அவிழ்த்ததும் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு தோலை எடுத்துக் கட்டைவிரலை ஓட்டுவார். "செங்கத்து ஆடு. தை மாசத்துத் தோலு" என்பார். சரியாக இருக்கும். பதினாறு வருஷமாகச் சரியாக இருந்தது.

முதலாளி மெட்ராஸ் பெரியமேட்டில் புதுக் கிடங்கு திறக்க இருந்தார். அதற்குத் தலைமையாக மேஸ்திரியை அனுப்பலாமா, வேறு ஆளைப் பார்க்கலாமா என்று அவருக்கு ஒரு யோசனை. அவருக்கு உயர்ந்த ஜாதி நாய்க்குட்டி ஒன்றும் தேவைப்பட்டது. கலெக்டர் பங்களாவில் ஒன்று இருந்ததுதான் காரணம். இரண்டையும் சேர்த்தே முடித்துவிட்டார்.

"விரலாலயே பார்த்து, சுத்தமான குட்டியா கொண்டாந்தா பெரியமேடு உனக்கு. கலப்புக் குட்டி வந்தா வேற ஆளு" என்று சொல்லி, சாட்சிக்குத் தன் காரியஸ்தர் நயீமைக் கூட அனுப்பினார்.

இருவரும் போய்ச் சேர்ந்தபோது ரயில்வே கார்டு இருதயராஜ் டூட்டிக்குப் போயிருந்தார். பத்து வருஷமாக டெரியர் நாய் வளர்த்து விற்கிற குடும்பம். அவர் மனைவி சவுரியம்மாள் கூடையைத் தூக்கிவந்து கூடத்தில் வைத்தார். நாலு குட்டிகள். வெள்ளை உடம்பு, அங்கங்கே கறுப்புத் திட்டு, ஒட்ட நறுக்கிய வால். தாய் நாய் ராணி கட்டிலுக்கடியிலிருந்து வந்து, தோல் வாசனை பிடித்துப்போய், மேஸ்திரியின் செருப்பை நக்கியது.

"பார்த்தீங்களா பாய், ஆளு யாருன்னு அதுக்குத் தெரியுது."

சவுரியம்மாள் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். "குட்டி பொறந்த அன்னிக்கே எங்க வீட்டுக்காரரு காகிதம் எழுதிடுவாருங்க. தாய், தகப்பன், பாட்டன், பூட்டன், எந்த எடத்துல இன்னா திட்டு, எல்லாம் இருக்கும்."

நயீம் ஒன்றை வாங்கிப் படித்தார். "தகப்பன் டியூக், பெங்களூர் கன்டோன்மென்ட். பாட்டன் வில்சன். பூட்டன் மேஜர்." அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "மேஸ்திரி, எங்க தாதாவுக்கு மேல ஒரு பேரு எனக்கே தெரியாது."

"தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது? காகிதத்தைப் படிச்சு நாய் வாங்குறவன், பந்தியில ஒக்காராம கல்யாணப் பத்திரிகையைப் படிச்சுட்டு ஏப்பம் வுடறவன். காகிதம்லாம் விரல் இல்லாதவனுக்கு. எடுத்து உள்ள வைங்கம்மா."

சவுரியம்மாள் வைத்தார். "ஒன்னு சொல்லிடறேங்க. நாலுல மூணுதான் ராணி போட்டது. ஒன்னு தண்டவாளத்து ஓரம் கெடந்த தெருக்குட்டி. இவளே கவ்விட்டு வந்து பால் குடுத்துட்டா. பார்க்கவும் ஒன்னாட்டமே இருந்துச்சா, வால் நறுக்குற அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு தெரியாம அதுக்கும் நறுக்கிட்டாரு. எதுன்னு காட்டட்டுமா?"

"காட்டாதீங்க" என்றார் மேஸ்திரி.

சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினார். முதல் குட்டியை மடியில் எடுத்தார். கட்டைவிரல் காதோரத்தில் புறப்பட்டு, கழுத்தைச் சுற்றி, வயிற்றோரமாகப் போய், வால் அடியில் நின்றது. பிறகு இரண்டாவது. மூன்றாவது. நாலாவது. மறுபடியும் முதலாவது. அது கொட்டாவி விட்டது.

"இன்னா மேஸ்திரி, டேனரியில ஒரு நொடியில சொல்லிடுவீங்களே?"

"அது சும்மா கெடக்கும். இது மூச்சு வுடுது பாய். விரல் கலையுது."

இரண்டாவது குட்டி அவர் வேட்டியை நனைத்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. மூன்றாம் சுற்று முடிந்தபோது நெற்றியும் நனைந்திருந்தது.

"போய் ஒரு ஜட்கா பார்த்துட்டு வாங்க பாய்."

"ஸ்டேஷன் இங்கதானே இருக்குது?"

"ஜாதிக் குட்டியை நடராஜாவா கூட்டிட்டுப் போறது?"

"மொதல்ல எந்தக் குட்டின்னு சொல்லுங்க. முதலாளி கேப்பாரு."

"எடுத்தாச்சு. மனசுல இருக்குது. வண்டி வந்தா சொல்றேன்."

நயீம் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். வாசல் படல் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் மேஸ்திரி கண்ணைத் திறந்தார். குரல் பாதியாக இறங்கியது.

"அம்மா, வெட்டு எங்க போட்டிருக்கீங்க?"

"இன்னா வெட்டுங்க?"

"தோலு ஓரத்துல வேபாரி அடையாளத்துக்கு வெட்டுவான் இல்ல? செங்கத்துக்காரன் மூணு வெட்டு. தை மாசம்னா பக்கத்துல சின்னதா ஒரு ஓட்டை. விரலுக்குத் தட்டுப்படும். உங்க குட்டிங்களுக்கு எங்க போட்டிருக்கீங்க? மூணு சுத்து சுத்திட்டேன், காணோம்."

சவுரியம்மாள் அவரையும் அவர் கட்டைவிரலையும் மாறி மாறிப் பார்த்தார். "உயிரோட இருக்கிற குட்டியை யாருங்க வெட்டுவாங்க?"

தெருமுனையில் ஜட்கா மணி கேட்டது. மேஸ்திரி கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கையை நீட்டினார்.

"அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் குடுங்க. படிச்சுட்டுத் தந்துடறேன்."